லினக்ஸ் மின்ட் 22: முதலில் பிரிண்டரைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்த வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும். விண்டோஸ் 11 போட்டுவிடலாமே என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும், இன்டெல் பிராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் ஏற்காது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ 2015, 2016-இல் வாங்கிய ஐ3 லேப்டாப் என்றால் அங்கேயே வாசல் அடைபட்டுவிடுகிறது. திரையும் கீபோர்டும் நன்றாகத்தான் இருக்கும், மனசு வராமல் ஓரமாக வைத்திருப்பார்கள்.

இந்த மாதிரி மிஷினுக்கு இப்போது பலரும் கைகாட்டுவது லினக்ஸ் மின்ட், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஓர் ஓஎஸ் (ஆப்பரேட்டிங் சிஸ்டம்). 22 வரிசையின் முதல் வெளியீடு 2024 ஜூலையில் வந்தது. 22.1, 22.2 என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாம் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸை அடித்தளமாகக் கொண்டவை. 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. காசு கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது. குமரித் தமிழில் ஒரே வார்த்தையில் சொன்னால், சாதனம் கொள்ளாம், அதாவது நன்றாக இருக்கிறது.

ஆனால் மாறலாமா கூடாதா என்பதை லேப்டாப் முடிவு செய்வதில்லை. ஐந்து வருடமோ பத்து வருடமோ ஆன பெரும்பாலான இன்டெல் மிஷின்களில் மின்ட் ஓடிவிடும். அந்த மிஷினில் செருகியிருக்கும் பிரிண்டர், விரல்ரேகைப் பெட்டி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பத்து வருடமாகச் சேர்த்துவைத்த தமிழ் ஃபைல்கள், இவைதான் முடிவு செய்கின்றன. இன்ஸ்டால் பண்ணி முடித்தபிறகு பிரிண்டர் ஓடவில்லை என்று லினக்ஸைத் திட்டுகிறவர்களில் பலர், பென் டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்த்திருக்கலாம் என்பதைக் கவனிக்காமல் விட்டவர்கள்.

எந்தப் பதிப்பு

மின்ட்டில் சினமன், எக்ஸ்எஃப்சிஇ, மாட்டே என்று மூன்று முகப்பு. 8 ஜிபி ராம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சினமன். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. சும்மா நிற்கும்போது சினமன் ஒரு ஜிபிக்குச் சற்று மேலே எடுக்கும், எக்ஸ்எஃப்சிஇ அதைவிடச் சில நூறு எம்பி குறைவு. மாட்டே இரண்டுக்கும் நடுவில். அதைத் தேர்ந்தெடுக்கத் தனியாக ஒரு காரணம் இல்லை. 32 பிட் மட்டும் தெரிந்த பழைய ஆட்டம் நெட்புக்குகளுக்கு மின்ட் 22 கிடையாது.

இங்கே ஒரு மயக்கம் உண்டு. டெஸ்க்டாப் லேசானது என்பதால் பிரவுசர் லேசாகிவிடாது. குரோமில் பதினைந்து டேப் திறந்தால் எந்த ஓஎஸ்ஸிலும் 4 ஜிபி தீரும். உண்மையான வேகம் வருவது சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போடும்போதுதான். பணம் செலவழிக்க ஒரே ஒரு இடம் இருந்தால் அது இதுதான். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக்கிடப்பதால் முதலில் எஸ்எஸ்டி, ராம் பிறகு. 240 அல்லது 256 ஜிபி, 2.5 அங்குல சாட்டா டிரைவ் போதும். பழைய ஹார்ட் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் கனம் என்றால், 7 மில்லிமீட்டர் எஸ்எஸ்டி அந்த இடத்தில் லொடலொடக்கும். கூடவே வரும் பிளாஸ்டிக் சட்டத்தைத் தூக்கிப் போடாமல் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி இன்னும் வீட்டில் இருந்தால் அதிலும் இதே கணக்குதான். பாஸ் என்ற இந்திய லினக்ஸ் அதில் ஏற்கனவே கூட இருந்தது, பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது வேறு கதை. கேரள எல்லை தாண்டினால் நிலைமை தலைகீழ்: பாறசாலையில் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அந்த அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் பாடமே படிக்கிறது. களியக்காவிளைப் பக்கம் சந்தேகம் கேட்க ஆள் தேடுகிறவர்கள் சொந்தக்காரப் பிள்ளைகளையே கேட்டுவிடலாம்.

பென் டிரைவ்

மின்ட் தளத்திலிருந்து இறக்க வேண்டிய இன்ஸ்டால் ஃபைல், அதாவது ஐஎஸ்ஓ ஃபைல், 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. போன் ஹாட்ஸ்பாட்டில் நேரடியாக இறக்கினால் நடுவில் அறுந்து, 2.6 ஜிபியில் நின்றுபோய், அதையும் முழு ஃபைல் என்று நினைத்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. டோரன்ட் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்தும் கொள்ளும். நேரடியாக இறக்கியவர்கள் ஃபைல் முழுதாக வந்ததா என்று காட்டும் செக்சம் எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். பாதி இன்ஸ்டாலில் வரும் இன்புட் அவுட்புட் எரர்களில் பல இந்த இடத்தில் பிறப்பவை.

8 ஜிபி பென் டிரைவ் போதும். அதில் ஐஎஸ்ஓவை எழுத, விண்டோஸில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர். ரூஃபஸில் எழுதும்போது ஐஎஸ்ஓ முறையா டிடி முறையா என்று கேட்கும். ஐஎஸ்ஓ முறையில் எழுதுங்கள், அது பூட் ஆகாவிட்டால் மட்டும் டிடி. பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கல்யாண போட்டோ இருந்த பென் டிரைவை எடுக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பூட் மெனு வர டெல், லெனோவோ இரண்டிலும் எஃப் 12. ஹெச்பியில் எஸ்கேப் அழுத்திப் பிறகு எஃப் 9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப் 12-தான், ஆனால் பல மாடலில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும்; எஃப் 2-வில் பயாஸுக்குள் போய் எஃப் 12 பூட் மெனுவை எனேபிள் பண்ண வேண்டும். சில லெனோவோவில் பவர் பட்டனுக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவில் நோவோ பட்டன் உண்டு, அதுவே எளிது.

பென் டிரைவிலிருந்து திறந்ததும் வருவது லைவ் செஷன். இது டிஸ்க்கைத் தொடுவதில்லை. இதில் வேகத்தை எடைபோடாதீர்கள், யுஎஸ்பி வேகத்தில்தான் நகரும். பார்க்க வேண்டியது வைஃபை, சத்தம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பட்டன், கேமரா. லேப்டாப் மூடியை மூடித் திறந்து, தூங்கி எழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடைசியாகப் பிரிண்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துவிட வேண்டும். இந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்காதவர்களுக்கு இந்த விமர்சனத்தின் மிச்சம் பயன்படாது.

வைஃபை வராத மிஷின்களில் பெரும்பாலும் இரண்டு சிப்புகள். பிராட்காம் 43142 உள்ள பழைய டெல், ஹெச்பி, லெனோவோவில் வைஃபை ஐகானே இருக்காது. அதன் டிரைவர் தனியாருடையது, ஐஎஸ்ஓவில் இயல்பாக ஏறியிருக்காது. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டால் இன்டர்நெட் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரில் பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட். இன்னொன்று ரியல்டெக் 8723பிஇ. இதில் வைஃபை வரும், ஆனால் ரவுட்டர் பக்கத்து அறையில் இருந்தாலே ஒரு கோடுதான். கம்பெனி ஒரே ஒரு ஆன்டெனாக் கம்பியை மட்டும் மாட்டியிருக்கும், டிரைவரோ காலியான முனையில் கேட்டுக்கொண்டிருக்கும். எந்த முனை என்று டிரைவரின் ஆப்ஷன் ஃபைலில் ஒரு வரி எழுதிவிட்டால் சிக்னல் நிமிர்ந்துவிடும்.

டிஸ்க்கை என்ன செய்வது

இன்ஸ்டாலர் கேட்கும் கேள்வி மூன்று: விண்டோஸோடு சேர்த்துப் போடவா, முழுக்க அழிக்கவா, வேறு ஏதாவதா. எஸ்எஸ்டி வாங்கியவர்களுக்கு இதைவிட நல்ல நான்காவது வழி இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றி எடுத்துவிடுங்கள். காலியான எஸ்எஸ்டியை மாட்டி, முழுக்க அழித்து என்பதைத் தேர்ந்தெடுங்கள். அழிய அங்கே எதுவும் இல்லை. பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டால் உங்கள் ஃபைலெல்லாம் அதில் இருக்கும். மின்ட் பிடிக்காவிட்டால் ஐந்து திருகைக் கழற்றி மறுபடி மாட்டினால் விண்டோஸ் விட்ட இடத்தில் நிற்கும்.

கழற்றுவதற்கு முன் ஒரு வேலை. விண்டோஸ் ஷட் டவுன் ஆகும்போது உண்மையில் முழுக்க அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற பெயரில் பாதி நினைவை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். அந்த டிஸ்க்கை மின்ட்டில் செருகினால் படிக்கத்தான் முடியும், எழுத விடாது, சில சமயம் திறக்கவே மறுக்கும். ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுக்க அணையும். இரண்டு ஓஎஸ்ஸையும் ஒரே மிஷினில் வைத்துக்கொள்கிறவர்கள் கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிரந்தரமாக எடுத்துவிட வேண்டும். டிவைஸ் என்கிரிப்ஷனோ பிட்லாக்கரோ போட்டிருந்தால், 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதிய பிறகுதான் பயாஸில் கைவைக்க வேண்டும்.

இரண்டும் ஒரே டிஸ்க்கில் என்றால் இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சுருக்கிக்கொள்வதே பத்திரம். மின்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி என்று சொல்வார்கள். 20-இல் முக்கித் தவிக்கும், 60-க்குக் குறைத்துக் கொடுக்காதீர்கள். இரட்டை ஓஎஸ் வைத்தால் விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும். காலை பத்து மணிக்குத் திறந்தால் நாலரை காட்டும். மின்ட் போர்டின் கடிகாரத்தை கிரீன்விச் நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. மின்ட்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற டெர்மினலில் ஒரே வரிக் கட்டளை போதும். ஆனால் தேதியே 2015-க்குப் போய், எந்தத் தளமும் திறக்காமல் பிரவுசர் எச்சரித்தால் அது இந்தச் சிக்கல் இல்லை. போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது.

இரட்டை ஓஎஸ்ஸுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் பூட் ஆக விடும் பயாஸ் பாதுகாப்புக்குச் செக்யூர் பூட் என்று பெயர். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், அதன் தடைப் பட்டியலை மாற்றியதால் பல மிஷின்களில் லினக்ஸ் பூட் ஆகாமல் போனது. அதுபோல் எப்போதாவது நடந்தால் பயாஸில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துத் திறக்கலாம்.

இன்ஸ்டாலின்போது மல்டிமீடியா கோடெக் என்று ஒரு கட்டம் வரும், டிக் போடுங்கள். இல்லாவிட்டால் சில வீடியோ ஓடாது. செக்யூர் பூட் இயங்கும் மிஷினில் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அது ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரையில் என்ரோல் எம்ஓகே என்று வரும்போது ஒரே ஒருமுறை கொடுக்க. அந்தத் திரையைப் பயந்து கன்டின்யூ அடித்துவிட்டால் பிராட்காம் வைஃபையோ என்விடியா டிரைவரோ ஏறாது. எஸ்எஸ்டியே பட்டியலில் காட்டவில்லையா? பதினோராம் தலைமுறையும் அதற்கு மேலுமான இன்டெல் லேப்டாப்பில் பயாஸில் விஎம்டி என்று இருக்கும், அதை அணைக்க வேண்டும். ஆனால் அதே டிஸ்க்கில் விண்டோஸும் இருந்தால், அணைத்ததும் விண்டோஸ் நீலத் திரையில் விழும் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஐப்பசியில் சாயங்காலம் இடி மின்னலோடு கரண்ட் போகிற நேரத்தில் பேட்டரி செத்த லேப்டாப்பில் இன்ஸ்டால் தொடங்காதீர்கள். எஸ்எஸ்டியில் இருபது நிமிட வேலைதான், காலையில் முடித்துவிடலாம். குளச்சல், முட்டம் போன்ற கடலோர வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: உப்புக்காற்றில் ராம் முனைகளும் யுஎஸ்பி முனைகளும் மங்கிப் பச்சை பிடிக்கும். இன்ஸ்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ஓஎஸ்ஸைச் சந்தேகிக்காமல் ராமைக் கழற்றி, தங்கமுலாம் பூசிய முனையைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி மாட்டிப் பாருங்கள்.

பிரிண்டர்

எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டர்கள், எல் 3110, எல் 3210, எல் 380 மாதிரி, பெரும்பாலும் செருகியதும் ஓடும். ஸ்கேனரும் டாக்குமென்ட் ஸ்கேனர் என்ற செயலியில் வரும். விண்டோஸில் உள்ள இங்க் அளவு காட்டும் சன்னல் அப்படியே வராது. டேங்க் வெளியில்தானே தெரிகிறது. வைஃபை உள்ள புதிய பிரிண்டர்கள் டிரைவரே இல்லாமல் நெட்வொர்க்கில் தாமாகத் தோன்றும்.

ஹெச்பி லேசர்ஜெட் 1020, பி 1007, பி 1008 கொஞ்சம் வீம்பு பிடித்தவை. இவற்றுக்குள் ஃபர்ம்வேர் நிரந்தரமாக இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும். அந்த ஃபர்ம்வேர், ஹெச்பி பிரிண்டர்களை லினக்ஸில் ஓட்டும் ஹெச்பிலிப் மென்பொருளோடு வருவதில்லை, ஹெச்பி பிளக்இன் என்று தனியாக இறக்க வேண்டும். இறக்கிவிட்டால் நன்றாக அடிக்கும். பிறகு ஒருநாள் அப்டேட்டில் ஹெச்பிலிப் பதிப்பு மாறும், பிளக்இன் பழையதாகவே நிற்கும், பிரிண்டர் மௌனமாகிவிடும். க்யூவில் வேலை முடிந்தது என்று காட்டும், காகிதம் நகராது. பிளக்இன்னை மறுபடி இறக்கினால் தீர்ந்தது. ஜெராக்ஸ் கடையில் இந்த நேரம் பார்த்து நாலு பேர் ஹால் டிக்கெட்டோடு நிற்பார்கள் என்பதால், பிரிண்டர் வேலையே பிழைப்பாக உள்ள மிஷினில் அப்டேட்டைக் கடை அடைத்தபிறகு போடுங்கள்.

கேனான் எல்பிபி 2900. நம் ஊர் ஜெராக்ஸ் கடை மேசையில் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைப் பார்க்காதவர் யார்? காகிதம் சிக்கினாலும் எத்தனை வருடமானாலும் ஓடும். மின்ட்டுக்கு மாறுவதில் ஆகப் பெரிய முள் இதுதான். இது கேனானின் கேப்ட் என்ற சொந்த மொழி மட்டும் பேசும். லினக்ஸுக்கான அதன் டிரைவர் பழையது, 32 பிட் துணை ஃபைல்கள் கேட்கும், பின்னணியில் ஒரு சேவை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கேபிளைப் பிடுங்கிச் செருகினால் அந்தச் சேவையை மீண்டும் தொடங்க வேண்டும். பொறுமையுள்ளவர்கள் ஓட்டிவிடலாம், ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். கடைக்கு இது வேண்டாம். இந்தப் பிரிண்டர்தான் முக்கியம் என்றால் அதை விண்டோஸ் மிஷினிலேயே விட்டுவைத்து, மின்ட்டிலிருந்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பி அங்கிருந்து அடியுங்கள்.

தமிழ் அடிப்பது

என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை எல்லாம் விண்டோஸ் செயலிகள், இங்கே வராது. அவற்றின் இடத்தில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள். சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் (ibus-m17n) என்று தேடி இன்ஸ்டால் செய்து, இன்புட் மெத்தட் செட்டிங்கில் ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து உள்ளே வந்தால், ஐபஸ் பட்டியலில் தமிழின் கீழ் தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் இருக்கும். மலையாளமும் அடிக்கிறவர்களுக்கு 'மொழி' (Mozhi) என்ற தட்டச்சு முறையும் இதே பட்டியலில்.

இங்கேதான் ஒரு பொறி. கீபோர்டு லேஅவுட் செட்டிங்கிலும் தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை எடுத்துவிடுவார்கள். அது வெறும் எழுத்து அட்டவணை. தமிழ்99-இன் விதிகள் அதற்குத் தெரியாது. தக்கலை என்று அடிக்க தமிழ்99-இல் த, க, க, ல, ஐ என்று ஐந்தே கீ. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். அட்டவணை லேஅவுட்டில் அதே விரல் பழக்கத்தில் அடித்தால் இரண்டு ககரமும் புள்ளியில்லாமல் நிற்கும். லினக்ஸில் தமிழ் சரியாக வராது என்ற பேச்சு பாதி இதிலிருந்து வந்தது. ஐபஸ்ஸில் உள்ளதைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. விண்டோஸில் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்த ஒரு பக்க மனுவை லிப்ரே ஆஃபீஸில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாததால் நோட்டோவோ லோஹித்தோ அந்த இடத்தில் உட்காரும். எழுத்து அகலமும் வரி உயரமும் வேறு, ஆகவே 'இப்படிக்கு' மட்டும் தனியாக இரண்டாம் பக்கத்துக்குப் போய் நிற்கும். உங்கள் பழைய விண்டோஸ் டிஸ்க்கின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துருக்களை எடுத்து, ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபான்ட்ஸ் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கிப் போட்டு, லிப்ரே ஆஃபீஸை மூடித் திறந்தால் பக்கம் தன் இடத்துக்கு வரும். லிப்ரே ஆஃபீஸில் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழுக்கு சிடிஎல் என்ற பெயரில் வேறு எழுத்துரு என்று இரண்டு தனி அமைப்பு இருப்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் 12 புள்ளியில் நிற்க, தமிழ் மட்டும் 14-இல் உப்பித் தெரிவதற்குக் காரணம் அதுதான்.

பாமினி ஃபைல்கள் வேறு ரகம். எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். எழுத்துருவைப் போட்டதும் தமிழாகிவிடும். ஆங்கிலக் கீபோர்டிலேயே நேரடியாக அடிக்கவும் செய்யலாம், ஐபஸ் தமிழில் இருந்தால்தான் குழப்பம். வானவில் மாதிரி தனி கீபோர்டு மென்பொருளை நம்பியவற்றை இங்கே படிக்கலாம், அடிக்க முடியாது.

யாருக்கு வேண்டாம்

டிடிபி கடைக்கு வேண்டாம். கோயில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் எல்லாம் பேஜ்மேக்கரிலும் கோரல்டிராவிலும் ஃபோட்டோஷாப்பிலும் கிடக்கின்றன. ஸ்கிரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் நல்ல கருவிகள்தான், ஆனால் போன வருடத்து நோட்டீஸைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி இன்று மாலைக்குள் கொடுக்க முடியாது என்றால் அந்தத் தரத்தை வைத்து என்ன செய்வது.

இ-சேவை மாதிரி ஆதார் விரல்ரேகை வைக்கும் மேசைக்கும் வேண்டாம். பெட்டியைச் செருகினால் மட்டும் போதாது, அதை ஆதார் தளத்தோடு இணைக்கும் ஆர்டி சர்வீஸ் மென்பொருள் ஓட வேண்டும். அதற்காகவே ஒரு விண்டோஸ் மிஷின் இருக்கட்டும். டேலி பிரைம் விண்டோஸுக்கு மட்டும். ரப்பர் ஷீட், முந்திரி வியாபாரக் கணக்கு டேலியில் உள்ள கடைகள் 8 ஜிபி ராம் இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் விண்டோஸை ஓட்டலாம், ஆனால் டேலிதான் நாள் முழுக்க என்றால் அந்தச் சுற்று எதற்கு? ஜிஎஸ்டி ரிட்டர்ன் மட்டும் என்றால் தனியுரிமைக் கடைக்காரர் ஓடிபி வழியே பிரவுசரில் முடித்துக்கொள்ளலாம். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம். அந்த டோக்கனின் லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அரசுச் சான்றிதழ் பிடிஎஃப்-இல் பச்சை டிக் வாங்கி அடித்துக் கொடுக்கும் கடைகளும் யோசிக்க வேண்டும். லினக்ஸுக்கு அடோபி ரீடர் நின்று பல வருடமாகிறது. ஓக்குலார் என்ற பிடிஎஃப் செயலி கையெழுத்தைச் சரிபார்க்கும், ஆனால் வாடிக்கையாளர் கேட்கும் அதே பச்சை டிக் அதில் வராது.

மற்றபடி பட்டா, சிட்டா, வில்லங்கம், ரயில் டிக்கெட், மின்கட்டணம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பேங்க், வாட்ஸாப் வெப் எல்லாம் பிரவுசர் வேலை, ஒரு குறையும் இல்லை. ஜூமுக்குத் தனிச் செயலியே உண்டு. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு கூடுதல் லாபம்: பென் டிரைவ் ஷார்ட்கட் வைரஸ் இங்கே ஓடாது. விண்டோஸில் ஷார்ட்கட் மட்டும் காட்டும் பென் டிரைவை மின்ட்டில் செருகினால், வைரஸ் மறைத்துவைத்த ஃபோல்டர் பளிச்சென்று தெரியும். ஃபைலை எடுத்துக் கொடுத்துவிடலாம்.

போட்டபிறகு

முதல் நாள் அப்டேட் மேனேஜரை ஓட்டி முடியுங்கள், பிறகு டைம்ஷிஃப்ட். சிஸ்டத்தின் நிலையை ஸ்னாப்ஷாட்டாக எடுத்துவைத்து, கெட்டால் அந்த நிலைக்குத் திருப்பும் கருவி அது. எஸ்எஸ்டி சிறியது என்றால் இரண்டு மூன்று ஸ்னாப்ஷாட்டுக்கு மேல் வைக்காதீர்கள், சத்தமில்லாமல் டிஸ்க்கை நிரப்பிவிடும். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காப்பாற்றும். உங்கள் போட்டோவும் ஃபைலும் உள்ள ஹோம் ஃபோல்டர் இயல்பாக அதில் சேராது. பேக்கப் இருக்கிறதே என்று நம்பி இழப்பவர்கள் உண்டு. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஒரே செயலி சிஸ்டம் பேக்கேஜ், ஃபிளாட்பேக் என்று இரண்டு விதமாகக் கிடைத்தால், போன் டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் சிஸ்டம் பேக்கேஜை எடுங்கள். முதல் ஃபிளாட்பேக் தன்னோடு பல நூறு எம்பி துணைச் சரக்கையும் இழுத்துவரும், அன்றைய 1.5 ஜிபி அதிலேயே கரையும்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணி இடத்துக்காகப் பயன்படுத்தும் ஆசையை மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். மேலே தேதியும் மாடலும் எழுதி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தால் நம் ஊர் ஈரத்துக்குத் தாங்கும். திரும்பிப் போக வேண்டியிருந்தால் அதை மாட்டினால் போதும். அந்த டிஸ்க்கே செத்துப்போனாலும் கம்பெனி விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் லைசென்ஸ் போர்டோடு சேர்ந்தது. விண்டோஸ் 10-ஐப் புதிதாகப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால், கீ எதுவும் கேட்காமல் தானாக ஆக்டிவேட் ஆகும்.